வருமுன் அறிவது யார் கடமை?

(கந்தளாயிற் கூடிய கமக்காரர் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



கந்தளாய்க் குளக்கட்டின் அருகே கூடியிருக்கும் உங்கள் முன்னிலையில் ‘முன்னறிவிப்பு’ என்னும் சொல்லை எடுக்க எமக்குச் சிறிது கூச்சமாகவே இருக்கிறது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆந் திகதி, பொழுது புலருமுன், இக்கட்டு உடைந்து வெள்ளம் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. வீடும் மாடும் வயலும் ஒருங்கே போயின. அன்று இவ்வூரில் இருந்தவர்கள் சிலர் இன்று இக்கூட்டத்திலும் இருக்கிறீர்கள். ஆகவே, ஓர் ஆபத்தை வருமுன் அறிவதற்கும் வந்தபின் அறிவதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை நாம் வந்து உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனினும், இன்று நாம் பேச வந்தது வெள்ளத்தைப் பற்றியன்று. ஒன்றரை அங்குல நீளமுள்ள ஒரு புழுவைப் பற்றியே பேச வந்தோம். படைப்புழு என்று நீங்களும், சேனா என்று உங்கள் அயலவரான சிங்களக் கமக்காரரும் அழைக்கும் அந்தப் புழு எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியே வந்தது, அது வருமென்று முன்னரே கூறியவர் யார், கூறிய அச்செய்தி உங்கள் வாசலுக்கு ஏன் வரவில்லை என்பனவே எமது கேள்விகள். சட்டம் படித்தவருக்குப் புழுவிடம் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். புழுவினால் நட்டப்பட்டவர் ஈற்றில் வந்து நிற்பது வழக்கறிஞர் வாசலில்தான் என்பதே எமது மறுமொழி.

2019ஆம் ஆண்டின் முற்பகுதியில் கமக்காரர் ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். மடியில் ஒரு போத்தல். கடிதம், சோளச் செய்கைக்கென அவர் பெற்ற கடனை உடனே திருப்பித் தரும்படி வந்த அறிவித்தல். போத்தல், அந்தச் சோளத்தைக் காப்பதற்கென அவர் மும்முறை வாங்கித் தெளித்த பூச்சிநாசினி. “ஐயா, கடிதத்தை நீங்கள் வாசியுங்கள், போத்தலில் இருப்பதை யார் வாசிப்பார்?” என்று கேட்டார். போத்தலின் மேலிருந்த எழுத்து அவர் அறியாத மொழியில் இருந்தது. மேலும் விசாரித்தபோது, புழுவைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றும் அவருக்குக் கிடைத்திருந்ததாகவும், அதுவும் அவ்வாறே அவர் வாசிக்க இயலாத மொழியில் இருந்ததாகவும், அதனைப் பிள்ளையின் புத்தகத்துக்கு உறையாகப் போட்டுவிட்டதாகவும் கூறினார். அதைத் தந்த காரியாலயத்தின் பெயரை நாம் இங்கு கூறோம். ஒரு காரியாலயத்தை வைவதற்காக இக்கூட்டம் கூட்டப்படவில்லை.

ஆனால் அந்தக் கமக்காரரின் கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. புழு வருமென்று உலகில் எவருக்குமே தெரியாதிருந்ததா? தெரியாதிருந்ததாயின் அது விதி என்று விட்டுவிடலாம். நாம் தேடிப் பார்த்தோம். தெரிந்தே இருந்தது!

இப்புழுவின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகள். 1797ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் அதனை விவரித்துப் பெயரிட்டுவிட்டனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது அக்கண்டத்தை விட்டு வெளிவரவில்லை. 2016ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவிலே, நைஜீரியா, பெனின், டோகோ முதலிய நாடுகளிற் காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்க நாடுகளிற் பெரும்பாலானவற்றை அது பிடித்துக்கொண்டது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் சோளப் பயிரிற் கண்டனர். அவ்வாண்டின் பெரும்போகத்திலே அம்பாறை, மொனராகலை, அனுராதபுரம் ஆகிய இடங்களின் சோளக் கொல்லைகளில் அது வந்து இறங்கியது. 2019 சனவரியில் சீனத்தின் யுன்னான். 2020இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடமுனை. நான்கே ஆண்டுகளில் பாதி உலகம்!

இந்த ஓட்டத்தின் இரகசியம் அதன் சிறகில் இருக்கிறது. புழு நிலத்தினுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, பின்னர் அந்துப்பூச்சியாக எழுகிறது. அந்தப் பூச்சி காற்றின் துணையோடு ஓரிரவில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் பறக்கவல்லது. ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடலோ ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கள்ளத்தோணிக்குக் காவல் வைக்கலாம்; அந்துப்பூச்சிக்குக் கடற்படை என்ன செய்யும்?

இனி, முன்னறிவிப்புக்கு வருவோம். ஒரு பூச்சி எந்நாட்டிற் பரவும் என்பதை விஞ்ஞானிகள் எவ்வாறு கணிக்கின்றனர்? இதில் சோதிடமோ மந்திரமோ கிடையாது. கமக்காரராகிய நீங்கள் உங்கள் பாட்டனாரிடம் கற்ற அறிவின் விரிவே அது. மிளகாய்க்கு எந்த மண் ஏற்றது, வெங்காயத்துக்கு எந்த மாதம் ஏற்றது என்று நீங்கள் பார்ப்பது போல, பூச்சிக்கு எந்தச் சுவாத்தியம் ஏற்றது என்று அவர்கள் பார்க்கின்றனர். ஆஸ்திரேலிய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சதர்ஸ்ட், மேவால்ட் என்னும் இருவர் 1985ஆம் ஆண்டில் ‘கிளைமெக்ஸ்’ என்னும் கணிப்பு முறை ஒன்றை வெளியிட்டனர். பூச்சி தன் தாயகத்தில் எவ்விடங்களில் ஆண்டு முழுவதும் உயிர்வாழ்கிறது, எந்த வெப்பத்தில் வளர்கிறது, எந்தக் குளிரில் மடிகிறது, எவ்வளவு ஈரம் அதற்கு வேண்டும் என்பவற்றை முதலில் வகுத்துக்கொள்வர். பின்னர் உலகின் ஒவ்வோரிடத்து மழையையும் வெப்பத்தையும் அவ்வளவுகோலால் அளந்து, பூச்சியத்திலிருந்து நூறு வரை புள்ளியிடுவர். பூச்சியம் பெற்ற இடத்தில் பூச்சி நிலைக்காது. புள்ளி ஏற ஏற அதற்கு அவ்விடம் உவப்பான வீடாகும். இப்புள்ளிகளுக்கு நிறந்தீட்டிய தேசப்படமே முன்னறிவிப்பு எனப்படுவது.

படைப்புழுவுக்கு அளவுகோல் எது? ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். 25 முதல் 30 பாகை வரை அதற்கு மிக உகந்தது. 18 பாகையில் முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு ஏறத்தாழ 71 நாள் செல்லும். 32 பாகையிலோ ஏறத்தாழ 20 நாளே போதும். குளிர்காலத்தில் உறங்கிக் கிடந்து தப்பும் பழக்கம் இதற்கு இல்லை. அதனாலேதான் ஐக்கிய அமெரிக்காவிலே புளோரிடாவின் தெற்கிலும் டெக்சாசின் தெற்கிலும் மட்டும் மாரிகாலத்தைக் கழித்து, ஆண்டுதோறும் கோடையில் வடக்கே கனடா வரை படையெடுத்து, மீண்டும் குளிர் வர மடிந்துபோகிறது. அந்நாட்டுக் கமக்காரருக்கு உறைபனி ஒரு காவற்காரன். எமக்கு அந்தக் காவற்காரன் உண்டா? நுவரெலியாவைத் தவிர்த்தால், இத்தீவில் உறைபனியை எங்கே தேடுவது? கந்தளாயில் மார்கழி இரவிலேனும் 12 பாகைக்கு வெப்பம் இறங்கியதை உங்களில் எவரேனும் அறிவீரா? ஆதலால், ஒருமுறை வந்த இப்புழு இங்கே விருந்தாளியன்று; குடியிருப்பாளர்.

இக்கணிப்பு வெளிவந்த காலத்தைக் கவனியுங்கள். 2017ஆம் ஆண்டில், சர்வதேச விவசாய உயிரியல் விஞ்ஞான நிலையம் ஆபிரிக்க நிலைமையை ஆராய்ந்து, தக்க நடவடிக்கை இல்லையேல் பன்னிரண்டு நாடுகளில் மட்டும் ஆண்டொன்றுக்கு 83 இலட்சம் முதல் 206 இலட்சம் தொன் வரை சோளம் இழக்கப்படலாம் என்று மதிப்பிட்டது. புழு ஆசியாவுக்கும் தாவக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவ்வாண்டிலேயே எழுந்தது. 2018ஆம் ஆண்டில் ரீகன் ஏர்லி என்பாரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, சுவாத்தியத்தோடு வர்த்தகத்தையும் விமானப் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும் ஆஸ்திரேலியாவும் அதற்கு ஏற்ற நிலங்கள் என்று காட்டிற்று. அவ்வாய்வு அச்சேறிய வேளையில் புழு எமது சோளக் குருத்துக்குள் இருந்தது. அது ஒருபுறமிருக்க, சிவமொக்காவிற் கண்டது மே மாதம். எமது பெரும்போகம் தொடங்குவது புரட்டாதி, ஐப்பசியில். இடையே நான்கைந்து மாதங்கள் இருந்தன. அந்நான்கைந்து மாதங்களில், இப்படியொரு புழு உண்டு, அதன் தலையில் இன்ன அடையாளம் என்று கமக்காரர் எத்தனை பேருக்கு எட்டிற்று? எமது அலுவலகத்துக்கு வந்த அந்த மனிதருக்கு எட்டவில்லை. இக்கூட்டத்தில் எட்டியவர் கையை உயர்த்துங்கள் என்று கேட்டோம். உயர்ந்த கைகளை எண்ண ஒரு கையின் விரல்களே போதியனவாக இருந்தன.

முன்னறிந்திருந்தால் தடுத்திருக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்லுகிறோம்: வருவதைத் தடுத்திருக்க முடியாது. ஆஸ்திரேலியா செல்வநாடு, பொறிகளை வைத்துக் காத்திருந்த நாடு. 2020 சனவரியில் டொரஸ் நீரிணைத் தீவுகள் இரண்டில் பூச்சி பிடிபட்டது. பெப்ரவரியில் பெருநிலத்துக்கு வந்துவிட்டது. ஒழிக்க இயலாது என்று அந்நாட்டு அதிகாரிகளே முடிவு கூறினர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்நாட்டுக் கமக்காரர், பூச்சியைக் காணுமுன் அதன் பெயரையும் உருவத்தையும் அறிந்திருந்தனர். எமது கமக்காரரோ பயிரை இழந்த பின்னரே பெயரை அறிந்தனர். முன்னறிவிப்பின் பயன் இந்த இடைவெளியில் இருக்கிறது. புழு சிறிதாயிருக்கும் முதற் சில நாட்களில் அதனை எளிதில் அழிக்கலாம். குருத்துக்குள் ஆழப் புகுந்து, வாயிலை எச்சத்தால் அடைத்துக்கொண்ட பின்னர் எந்த மருந்தும் அதனைத் தீண்டாது. அந்தக் கமக்காரர் மும்முறை தெளித்ததெல்லாம் குருத்து அடைபட்ட பின்னரே என்பதைப் பின்னர் அறிந்தோம். மருந்து வீண், கடன் மட்டும் வளர்ந்தது.

நீதிமன்றத்திற் பழகியவர் என்ற முறையில், இத்தேசப்படத்தை எப்படி வாசிப்பது என்பதையும் கூற விரும்புகிறோம். சுவாத்தியக் கணிப்பு சந்தர்ப்ப சாட்சியம் போன்றது. இன்ன வீட்டில் கள்வன் புகக்கூடும், கதவு பலவீனம், வேலி தாழ்வு என்று அது சொல்லும். இன்ன இரவில் புகுந்தான் என்று அது சொல்லாது. அதற்குக் கண்கண்ட சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி இருவகையாகக் கிடைக்கும். ஒன்று பொறி: பெண்பூச்சியின் மணத்தை ஒத்த மணமூட்டிய ஒரு வாளியில் ஆண்பூச்சிகள் வந்து விழும், வாரந்தோறும் எண்ணினால் படையின் பருமன் தெரியும். மற்றது கமக்காரரின் கண்.

கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வரம்பில் நின்று எட்டிப் பார்ப்பது பார்வையன்று. கொல்லையின் குறுக்கே நெளிந்து நடந்து, ஐந்து இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்தும் அடுத்தடுத்துப் பத்துச் செடிகளின் குருத்தை விரித்துப் பார்க்க வேண்டும். இலையில் தோல் மட்டும் மிஞ்சி, கண்ணாடிச் சாளரம் போலத் தெரிந்தால் புழு இளையது. மருந்துக்கும் கைக்கும் அகப்படும். குருத்தில் ஈரமான மரத்தூள் போன்ற எச்சம் கிடந்தால் அது முற்றியது. பிடித்துப் பாருங்கள்: தலையிலே கவட்டையைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற வெண்கோடு, வாற்புறத்தில் சதுரத்தின் நான்கு மூலைகள் போல நான்கு கரும்புள்ளிகள். இவ்விரண்டும் இருந்தால் ஐயமில்லை. இல்லையெனில் அது எமது ஊர்ப் புழுக்களில் ஒன்று. அதற்காக ஆயிரக்கணக்கில் மருந்துக்குச் செலவிடாதீர்கள்.

அடையாளங் காணாமல் அஞ்சுவதும் ஒரு கேடே. 2020ஆம் ஆண்டில் பாலைவன வெட்டுக்கிளிகள் ஆபிரிக்காவிலிருந்து பாகிஸ்தானுக்கும் அங்கிருந்து இந்தியாவின் ராஜஸ்தானம், மத்தியப் பிரதேசம் வரையும் வந்து பேரழிவு செய்தன. அதே காலத்தில் குருநாகல் மாவட்டத்தின் மாவத்தகமையில் புள்ளிபோட்ட வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று தோன்றவே, பாலைவனப் படை கடல்கடந்து வந்துவிட்டது என்று நாடே நடுங்கியது. ஆராய்ந்தபோது அது இத்தீவிலேயே நெடுங்காலம் வாழும் உள்ளூர்ப் பூச்சி என்று தெரிந்தது. தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியிலும் இவ்வாறே ஒரு பொய்ப் பீதி எழுந்து அடங்கிற்று. வெட்டுக்கிளியை முன்னறியும் கலை உலகில் நூறாண்டுப் பழக்கமுடையது. உவரோவ் என்னும் ரசிய நாட்டுப் பூச்சியியலார், தனித்துத் திரியும் வெட்டுக்கிளியும் கூட்டமாய்த் திரியும் வெட்டுக்கிளியும் ஒரே இனத்தின் இரு நிலைகளே என்று 1921ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இந்தியாவில் வெட்டுக்கிளி எச்சரிக்கை நிலையம் 1939ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. அக்கலைக்கு அடிப்படை, பாலைவனத்தில் திரிந்து கண்டதை அறிவித்த மனிதரே. கண்டவன் அறிவிக்காவிடில் கணிப்பவன் குருடன்.

இனி நாம் கூறப்போவதைச் சிறிது பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். இதற்காகவே இவ்வுரையைக் கந்தளாயில் நிகழ்த்த விரும்பினோம்.

தேசப்படம் வரைவோர் மழையை எங்கிருந்து எடுக்கின்றனர்? வானிலை நிலையங்களின் பதிவேட்டிலிருந்து. அப்பதிவேட்டின்படி இப்பிரதேசத்துக்கு வடகீழ்ப் பருவக்காற்றில் மழை. பின்னர் ஆனி, ஆடி, ஆவணியில் வறட்சி. ஆகவே, மழையை மட்டும் பார்க்கும் கணிப்பு, அவ்வறட்சி மாதங்களில் எமது நிலம் காய்ந்து கிடக்கும், புழுவுக்கு இரை அருகும், அதன் தொகை வீழும் என்று கூறும். மேட்டுநிலச் சேனைகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் கந்தளாய்க் குளத்தை அந்தப் பதிவேடு அறியுமா? மேலே வானம் வெண்கலம் போற் காய்ந்தாலும், கட்டுக்குக் கீழே வாய்க்காலில் நீர் ஓடும். சிறுபோக நெல் பச்சையாய் நிற்கும். வரம்பில் புல் தழைக்கும். வாய்க்காலோரத்தில் யாரோ ஒருவர் அவித்து விற்பதற்கெனக் கால் ஏக்கர் சோளம் நட்டிருப்பார். 350க்கு மேற்பட்ட தாவர வகைகளை உண்ணவல்ல புழுவுக்கு இதனினும் நல்ல சத்திரம் வேறுண்டா? பெரும்போகத்தில் சோளத்தை அழித்த படை, சிறுபோகத்தில் குளத்தின் கீழே தங்கி, அடுத்த பெரும்போகத்தில் மேட்டுநிலத்தின் இளஞ்சோளத்துக்கு ஏறும். குலக்கோட்டன் கட்டினான் என்று எம்மவரும், அக்கபோதி கட்டினான் என்று சிங்கள நூலாரும் கூறும் இந்தக் குளம், மனிதருக்குச் சோறிட்டது போலவே புழுவுக்கும் சோறிடுகிறது.

நீர்ப்பாசனத்தையும் கணக்கிற் சேர்க்கும் வசதி கிளைமெக்ஸ் முறையில் உண்டு. விஞ்ஞானிகள் மறந்துவிட்டனர் என்று நாம் குறை கூறவில்லை. ஆனால் எந்தக் குளத்தின் கீழே, எந்த மாதத்தில், எந்த வாய்க்காலில், எத்தனை ஏக்கர் பச்சையாய் நிற்கும் என்பதை ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ இருப்பவர் எப்படி அறிவார்? பேராதனையில் இருப்பவர்தாம் எப்படி முற்றாக அறிவார்? வட்டவிதானையார் அறிவார். கமக்காரர் அமைப்பின் செயலாளர் அறிவார். நீர் திறக்கும் திகதியும், விதைப்புத் திகதியும், யார் யார் சோளம் இட்டனர் என்பதும் அவர்தம் கொப்பியில் இருக்கின்றன. அந்தக் கொப்பியும் அந்தத் தேசப்படமும் ஒரே மேசையில் வைக்கப்படும் நாளிலேதான் கந்தளாய்க்கான முன்னறிவிப்பு பிறக்கும்.

மழையைப் பற்றியும் ஒன்று. அடைமழை இளம்புழுவைக் கழுவி வீழ்த்தும். குருத்தில் நீர் நின்று மூழ்கடிக்கும். ஆகவே, கார்த்திகையில் வழக்கம்போல மழை பெய்யும் ஆண்டில் ஓரளவு தப்புவோம். விதைத்த பின் மழை பிந்தி, சோளம் முழங்காலளவு நிற்கையில் வெயில் காயும் ஆண்டே எமக்குப் பேராபத்து. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பை வைத்து இதனை இரண்டு வாரங்களுக்கு முன்னரே ஊகிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை.

நெற்செய்கையாளர், ‘இது சோளக்காரர் கவலை’ என்று எழுந்து போகவேண்டாம். ஆசியாவில் இப்புழுவின் பேரழிவு சோளத்திலேயே நிகழ்ந்தது என்பது மெய். எனினும், அமெரிக்காவில் இதற்கு நெல்லையும் புல்லையும் விரும்பும் ஒரு வகையும் உண்டு. தமிழ்நாட்டில் கரும்பிலும் இது காணப்பட்டதாக 2018ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். கரும்பு இவ்வூருக்குப் புதிய பயிரன்று. சீனித் தொழிற்சாலை ஓங்கி நின்று ஓய்ந்த ஊர் இது. நெல்லுக்கு அறக்கொட்டியான் போதாதா என்று நீங்கள் முணுமுணுப்பது எமக்குக் கேட்கிறது. போதும், அதனாலேயே விழித்திருக்கச் சொல்லுகிறோம்.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். அந்நியப் பூச்சியும் களையும் நாட்டுக்குள் வருவதையும் பரவுவதையும் தடுப்பது அரசின் பொறுப்பு என்பது இத்தீவில் புதிய கொள்கையன்று. 1869ஆம் ஆண்டில் இலைத்துரு என்னும் நோய் தோன்றி — அது பூச்சியன்று, பூஞ்சணம் — இருபதாண்டுகளுக்குள் கோப்பிப் பெருந்தோட்டங்களைத் துடைத்தழித்தது. அந்த அடியை உண்டவர்கள் பின்னர் விழித்துக்கொண்டனர். 1909ஆம் ஆண்டில் ஆகாயத்தாமரை என்னும் ஒரே ஒரு நீர்க்களைக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். தாவரங்களுக்குக் கேடு செய்யும் உயிர்கள் இலங்கைக்குள் புகுவதற்கும், புகுந்தபின் பரவுவதற்கும் எதிராக வகைசெய்வதே அதன் நோக்கம் என்று அதன் தலைப்பே கூறுகிறது. ‘பரவுவதற்கும்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். துறைமுகத்தில் நின்று மூட்டையைக் குத்திப் பார்ப்பதோடு அக்கடமை முடிந்துவிடவில்லை. பரவலைத் தடுக்க வேண்டுமாயின், அடுத்து எங்கே பரவும் என்பதை அறிந்து, அங்குள்ளவர்க்கு அறிவிக்க வேண்டும். எந்த மொழியில் அறிவிப்பது? 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ். துண்டுப் பிரசுரம் எழுதுவோருக்கு இது சலுகையன்று, அரசியலமைப்பு.

கந்தளாயில் சிங்களவரும் முசுலிம்களும் தமிழரும் ஒரே வாய்க்காலின் நீரிற் பயிர் செய்கிறீர்கள். தமிழ் வாசிப்பவரின் கொல்லையில் அறிவித்தலின்றி வளர்ந்த பூச்சி, மறுநாளிரவு சிங்களம் வாசிப்பவரின் கொல்லையில் முட்டையிடும். ஒரு சாராருக்கு மட்டும் சொல்லப்பட்ட எச்சரிக்கை அச்சாராரையும் காப்பதில்லை. மொழியைப் பற்றி எம்மோடு வாதிட விரும்புவோர், முதலில் அந்துப்பூச்சியோடு வாதிட்டு வரட்டும்.

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் எல்லையிலும் சில பொறிகள். வாரந்தோறும் அவற்றில் விழுந்த பூச்சிகளின் எண்ணிக்கையை நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகையில் இரு மொழியிலும் எழுதுவது. எண்ணிக்கை ஏறும் வாரத்தில் பள்ளிவாசல், கோயில், விகாரை ஆகியவற்றின் ஒலிபெருக்கியில் ஒரு நிமிட அறிவித்தல். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இப்புழுவைக் கண்டவர் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்வதற்கென ஒரு செயலியை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டது. கருவி உலகில் இருக்கிறது. அதில் விரல் வைக்கும் கமக்காரரை யாராவது அழைத்துக் கற்பிக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியர் ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

எண்ணிக்கையைத் தர மறுத்தால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரை மடல் தாளில் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பதினான்கு வேலைநாள் என்றால் ஏறக்குறைய மூன்று வாரம். எமது வெயிலில் அதற்குள் ஒரு தலைமுறைப் புழு பூச்சியாகி எழுந்துவிடும். ஆகவே அந்தச் சட்டத்தைப் புழு வந்தபின் நாடாதீர்கள். விதைப்புக்கு முன், ஆவணி மாதத்திலேயே, சென்ற ஆண்டின் பொறிக்கணக்கைக் கேளுங்கள். விண்ணப்பத்தை எழுதித்தர எமது அலுவலகம் கட்டணம் வாங்காது.

முன்னறிவிப்போடு கையில் ஆயுதமும் வேண்டும் என்பதை மறந்தோமல்லோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தினதும் பூச்சிநாசினியினதும் இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது நீங்கள் பட்ட பாடு எமக்குத் தெரியும். நஞ்சு மட்டுமே ஆயுதமுமன்று. 2008ஆம் ஆண்டில் பப்பாசியில் வெண்மாப்பூச்சி வந்தபோது, அதன் தாயகப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். இங்கும் தமிழ்நாட்டிலும் அக்குளவி அதனை அடக்கிற்று. படைப்புழுவின் முட்டையைத் துளைத்துத் தன் முட்டையை இடும் குளவிகளும் உண்டு. கண்ட கண்ட வேளையெல்லாம் நஞ்சைத் தெளித்தால் முதலில் மடிவது அந்தக் குளவியே. பொறிக்கணக்கு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தோடு பயணம் நிற்கவில்லை. மரவள்ளியைத் தாக்கும் அந்நிய மாப்பூச்சி ஒன்று 2020ஆம் ஆண்டில் கேரளத்திலும், பின்னர் தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் காணப்பட்டது. அதற்கும் உலகளாவிய சுவாத்தியக் கணிப்பு 2017ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. மிளகாயைச் சுருளச் செய்யும் ஒரு புதிய இலைப்பேன் 2021ஆம் ஆண்டில் தெலுங்கானாவிலும் ஆந்திரத்திலும் பெருநாசம் விளைத்தது. மரவள்ளியும் மிளகாயும் உங்கள் வளவுகளில் நிற்பவை. அக்கரையிற் பற்றிய தீ இக்கரைக்கு எத்தனை நாளில் வரும் என்று 2018ஆம் ஆண்டு எமக்குக் கணக்குக் காட்டிவிட்டது. ஆகையால், அக்கரைச் செய்தியை இக்கரைக் கமக்காரருக்குச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். இப்பத்திரிகை அவ்வேலையில் ஒரு பங்கை ஏற்க இயலுமாயின் ஆசிரியருக்கு நாம் கடமைப்பட்டவராவோம்.

எமது அலுவலகத்துக்கு வந்த கமக்காரர் இன்று இக்கூட்டத்தின் பின்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடனைத் தவணையில் தீர்த்துவிட்டார். இம்முறையும் சோளம் இட்டிருக்கிறார். இன்று காலை குருத்து விரித்துப் பிடித்த மூன்று புழுக்களை ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டுக் கொணர்ந்திருக்கிறார். அதே மருந்துப் போத்தலல்ல, கழுவிய யாம் போத்தல். கூட்டம் கலைந்ததும் அவரைச் சூழ்ந்து நின்று, தலையிலுள்ள கவட்டைக் கோட்டையும் வாலிலுள்ள நான்கு புள்ளிகளையும் ஒவ்வொருவரும் கண்ணாற் கண்டபின் வீடு செல்லுங்கள். பார்வை மங்கியோருக்கென ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறோம்.